மூன்றாவது தடவை

ஜன்னல் பக்கம் உட்காருகிறீர்களா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். உடனே நீங்களே நகர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். தவறென்று சொல்லவில்லை, சார். உங்கள் வயதில் இப்போது எல்லோரும் அப்படித்தான். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை.

இல்லை, இல்லை, எழுந்திருக்காதீர்கள். இப்போது கொடுத்தால் நானே கேட்டு வாங்கியது மாதிரி ஆகிவிடும். இருங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஒரு மணி நேரம்தானே.

என் பெயர் அர்த்தநாரி. அரசு நூலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. புத்தகத்துக்கு எண் போடுவதும், எண் போட்டது அதன் அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. இடம் மாறிய புத்தகம் இருந்தும் இல்லாததுதான். ஒரு வாசகர் சமையல் புத்தகம் ஒன்றை வானவியல் பக்கம் செருகிவிட்டுப் போய்விட்டார். பதினோரு வருஷம் கழித்துத்தான் அது கிடைத்தது. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு அதுவரை பசிக்கவில்லை போலிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று காலை ஆறரை மணிக்கு என்னையும் அப்படித்தான் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

என் மச்சினன் குழந்தைவேல் வேன் பிடித்திருந்தான். மே மாசத்துச் சேலம் உங்களுக்குத் தெரியும். மின்விசிறி போட்டால் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வருகிறது. ஒரு நாள் ஏற்காடு போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அவன்தான் ஏற்பாடு செய்தான். அவன், அவன் மனைவி கிருத்திகா, பிள்ளைகள், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள், நான், என் மனைவி வசந்தாமணி. வேன் எங்கள் தெருவுக்கு வந்து நின்றது. நான் வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, போய் முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன்.

அந்தக் குடும்பம் பிடிக்கும் எந்த வண்டியிலும் முன் சீட் என்னுடையது, சார். முப்பத்திரண்டு வருஷமாக. நான் மூத்த மாப்பிள்ளை. ஒரே மாப்பிள்ளையும் நான்தான். அதனால் மூத்தவன் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆனால் ஒன்று. நானாக ஏறி உட்காரமாட்டேன். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் முன்னாடி உட்காருங்கப்பா" என்பேன். "நீங்க உட்காருங்க மாமா" என்பான் குழந்தைவேல். "எனக்கு எதுக்கு, பின்னாடியே வசதிதான்" என்பேன். "அட, உட்காருங்க மாமா." "வேண்டாம்ப்பா." "மாமா, நீங்க உட்கார்ந்தாத்தான் வண்டி கிளம்பும்." அப்புறம்தான் ஏறுவேன். மூன்று தடவை. நான் ஏற்படுத்திய வழக்கம் இல்லை. என் மாமனார் ஏற்படுத்தியது.

அம்மாபேட்டையில் நூல் வியாபாரம் செய்தவர். எட்டாவதைத் தாண்டாதவர், ஆனால் மரியாதையில் முனைவர். தலைதீபாவளிக்குப் போயிருந்தேன். "மாப்ளே, காப்பி" என்றார். வேண்டாம் என்றேன். "அட, சாப்பிடுங்க மாப்ளே." வேண்டாம் மாமா. "ஒரு வாய், எனக்காக." குடித்தேன். அந்த வீட்டில் நான் ஒரு காப்பி குடிக்க முழுதாகக் கால் மணி நேரம் ஆகும். காப்பி ஆறிப்போகும், அது வேறு விஷயம். முப்பத்திரண்டு வருஷத்தில் சூடாக ஒரு காப்பி நான் அங்கே குடித்ததே இல்லை. ஆனால் எவ்வளவு மரியாதை!

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டு நிர்வாகம் கிருத்திகா கையில். சென்னைப் பெண். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. முதல் தடவை அவள் பொறுப்பில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். "காபி வேணுமா அண்ணா?" என்றாள். "வேண்டாம்மா" என்றேன். "ஓகேண்ணா" என்று உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் காப்பியை அவளே குடித்துவிட்டாள், சார்.

வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது இருபதாவது. மேலிருந்து வந்தால் இருபதிலிருந்து இறங்கி வரும்.

எங்கே விட்டேன்? கைப்பிடி. காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலச் சொன்னேன்: "யாராச்சும் முன்னாடி உட்காருங்கப்பா." குழந்தைவேல் வாயைத் திறப்பதற்குள் கிருத்திகா முந்திக்கொண்டாள். "கரெக்ட்ணா. அண்ணி உட்காரட்டும். அவங்களுக்குத்தானே வாந்தி வரும்."

சரி, அந்தப் பெண்ணுக்கு முறை தெரியாது. அதை விடுங்கள். என் மனைவிக்குத் தெரியும் அல்லவா? அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஐயோ, வேண்டாம், அவரு உட்காரட்டும்" என்றுதானே? நான் அவளையே பார்த்தேன். அவள் சொல்லப்போகிறாள் என்று கைப்பிடியைக்கூட விடவில்லை.

"சரி" என்றாள்.

முதல் தடவையிலேயே. என் கையை மெல்ல விலக்கிவிட்டு, புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தியதும் அவள்தான்.

நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் தெரியுமா? சாம்பார் வாளி. அந்தப் பக்கம் தண்ணீர் கேன். ஸ்டெப்னி டயர் என் காலடியில்.

வசந்தாமணிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, அது உண்மைதான். ஊட்டி, கொடைக்கானல், எங்கே போனாலும் பின்னால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடு வருவாள். கொல்லிமலைக்குப் போனபோது எழுபது வளைவு. நான் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன். "முப்பத்தெட்டு வசந்தா, இன்னும் முப்பத்திரண்டுதான்!" அவளுக்குத் தைரியமாக இருக்கட்டுமே என்று. அந்த அளவுக்கு அக்கறை எடுத்துக்கொண்டவன் நான்.

இன்று என்ன ஆயிற்று தெரியுமா? இருபது வளைவு. ஒரு தடவைகூட வாந்தி இல்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தாள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், எல்லாம். நான் கேட்கிறேன், முன்னால் உட்கார்ந்தால் வாந்தி வராது என்றால் முப்பத்திரண்டு வருஷமாக அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால்தானே தெரியும்? கேட்டால்தானே சொல்வாள் என்கிறீர்களா? நான் எதற்குக் கேட்க வேண்டும்? வாந்தி எனக்கா வந்தது?

ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் அவள் டிரைவரிடம், "அது என்ன மரம்ங்க, இப்படி நெட்டுக்குத்தலா நிக்குது?" என்று கேட்டாள். டிரைவர் தெரியாது என்றார். எனக்குத் தெரியாதா? பின்னாலிருந்து உரக்கச் சொன்னேன்: "சில்வர் ஓக்! காப்பித் தோட்டத்துக்கு நிழல்! அது மேலே ஏறியிருக்கிறது மிளகுக் கொடி!" அவள் திரும்பவில்லை. "ஹார்ன் அடிங்க, ஹார்ன்!" என்று டிரைவருக்கும் சொன்னேன். வளைவுதோறும் சொல்வேன். அது என் வழக்கம். போன வருஷம் மேட்டூர் போனபோது அந்த டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, "சார், நீங்களே ஓட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். அவ்வளவு நம்பிக்கை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

மேலே போய்ச் சேர்ந்தோம். ஏரிக்குப் போனோம். படகு எடுத்தார்கள். காலால் மிதிக்கிற படகு. "வர்றீங்களா அண்ணா?" என்றாள் கிருத்திகா. வேண்டாம் என்றேன். போய்விட்டார்கள். நான் கரையில் கம்பி வேலியோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நடுவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், அடக்க முடியாமல், தொடர்ந்து சிரிக்கிறாள். பொது இடத்தில் இப்படிச் சிரிக்கிறது யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

வசந்தாமணி.

அவளும் கிருத்திகாவும் மிதிக்கிறார்கள். படகு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, சார். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை என்று அர்த்தமில்லை. சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இது வேறு.

மத்தியானம் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பாடு. "அண்ணா, சாப்பிடுறீங்களா?" பசியில்லை என்றேன். "ஓகேண்ணா, பசிச்சா சொல்லுங்க." தட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வசந்தாமணி இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். வழக்கமாக மலைக்கு வந்தால் ஒரு வாய் மோர்தான் இறங்கும் அவளுக்கு. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். "அந்த ஊறுகாயை இப்படித் தள்ளும்மா" என்று கிருத்திகாவிடம் சொன்னாள்.

நான் என்ன செய்ய? ரோட்டோரம் போய் நான்கு மிளகாய் பஜ்ஜி வாங்கி, மரத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். மறைந்து நின்று சாப்பிடவில்லை. வெயில் அங்கேதான் இல்லை.

சற்று ஜன்னலைத் திறக்கிறீர்களா? டீசல் நாற்றம். இந்த பஸ்களின் நடு வரிசையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. எத்தனையாவது வளைவு? பதிமூன்றா? பலகை தெரியவில்லை. முன்னால் இருந்தால் தெரியும்.

நாலரை மணிக்குக் கிளம்புகிற நேரம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். முன் சீட்டில் வசந்தாமணி, பெல்ட்கூடப் போட்டாகிவிட்டது. இதை இப்படியே விட்டால் நாளைக்கு இதுவே வழக்கமாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கீழேயே நின்றேன். "நான் வரலை, நீங்க போங்க" என்றேன்.

குழந்தைவேல் தலையை நீட்டி, "மாமா, ஏறுங்க, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றான். ஒன்று. "வரலைப்பா" என்றேன். கிருத்திகா எட்டிப் பார்த்து, "அண்ணா, நிஜமாவே வரலையா?" என்றாள். கேட்ட விதம் சரியில்லை, இருந்தாலும் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இரண்டு. "இல்லம்மா" என்றேன்.

மூன்றாவது யார் கேட்க வேண்டும்? அவள்தானே? ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கூட வைத்துக்கொண்டேன், அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. அவள் கண்ணாடியை இறக்கினாள். என்னை நன்றாகப் பார்த்தாள். கோபமாகவெல்லாம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம். அஞ்சு மணிக்கு வண்டி இருக்காம், டிரைவர் சொன்னாரு. சில்லறை வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

அங்கேதான் சறுக்கிவிட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் கொடுக்கவாவது இறங்கியிருப்பாள். என்ன செய்வது, சட்டைப் பையில் நிஜமாகவே சில்லறை இருந்தது. வேன் கிளம்பிவிட்டது. திருப்பத்தில் வலது பக்க விளக்கு மினுக்கியது. திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பத்தான் செய்தார்கள். சேலம் ரோட்டுக்கு. இருபது நிமிஷம் அதே இடத்தில் நின்றேன். காத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

நான் வருத்தப்படவில்லை. தெளிவாகச் சொல்கிறேன், சார். தப்பு என் பக்கம் ஒரு துளியும் இல்லை. நான் முறையாக மறுத்தேன். அவர்கள்தான் முறையாகக் கேட்கவில்லை. மறுக்கிறவன் மறுத்துக்கொண்டே இருக்கலாம். கேட்கிறவர்கள் நிறுத்திவிட்டால் அந்த மறுப்புக்கு என்ன மதிப்பு? இன்று ராத்திரி வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு வைப்பாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

வைக்காமலே தூங்கப் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான்...

கொஞ்சம் நகருங்கள். நகருங்கள், சார்! ஜன்னல்! ஜன்னல்!

ம். தண்ணீர் இருக்கிறதா? நன்றி. இது வாந்தி இல்லை. தப்பாக நினைக்காதீர்கள். அந்த பஜ்ஜிக்காரன் எண்ணெயை மாற்றவே இல்லை. எனக்கு மலைப்பாதையில் வாந்தி வந்ததே கிடையாது. முன் சீட்டில் உட்கார்ந்து எத்தனை மலை ஏறியிருக்கிறேன், ஒரு தடவை வந்திருக்கிறதா?

எலுமிச்சம்பழமா? வேண்டாம்.

வேண்டாம் என்றேனே, கொடுங்கள்.

இன்னும் எத்தனை வளைவு? எண்ணிச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. எண்ணினால் இன்னும் குமட்டுகிறது.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா? கொஞ்சம் அடிக்கட்டும். உடனே எடுத்தால் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

ஹலோ. ம். பஸ்ல. உட்கார்ந்துதான். ஒடம்பா? ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஏன், குரல் எப்பவும் போலத்தான் இருக்கு. எங்கே? எதுக்கு நிக்கிறீங்க? ம். ம். வேண்டாம்.

ஹலோ. வசந்தா. ஹலோ.

வைத்துவிட்டாள்.

அடிவாரத்தில் நிற்கிறார்களாம். செக்போஸ்ட் தாண்டி, இளநீர் வண்டி பக்கத்தில். கால் மணி நேரமாக நிற்கிறார்களாம். குழந்தைவேல் போகலாம் என்றானாம், இவள்தான் நிறுத்தி வைத்திருக்கிறாள். இவள் சொல்லி ஒரு வண்டி நின்றிருக்கிறது, பாருங்கள். "உங்க பஸ் இங்கே நிக்கும். ஒரு தடவைதான் கேட்பேன். எறங்கி வர்றீங்களா?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை, சார். வாய் தானாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்துப் பழக்கம். "சரி" என்றாள். காலையில் சொன்ன அதே சரி. வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிடுவதா? நானா? நான் ஏன் கூப்பிட வேண்டும்?

கூப்பிட்டாலும் என்ன சொல்வது? வருகிறேன் என்று நானாக எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லையே. யாராவது இழுத்துப் பிடித்தால்தானே போக முடியும்? கூப்பிடாத இடத்துக்குப் போகிறவன் மாதிரி நானே போய்க் கதவைத் திறந்து, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமா? சாம்பார் தீர்ந்திருக்கும், காலி வாளிதான். இருந்தாலும்.

கடைசி வளைவு தாண்டிவிட்டதா? காற்று சூடாகிவிட்டதே. செக்போஸ்ட் இதுதான். அங்கே விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, வெள்ளை வேன், அதுதான். முன் கதவு திறந்திருக்கிறது. அவள் கீழே இறங்கி நிற்கிறாள். இந்த பஸ்ஸைத்தான் பார்க்கிறாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். கையைக் காட்டவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நிற்கிறாள். அவள் கேட்கமாட்டாள், சார். ஒரு தடவைதான் என்று சொன்னாள் அல்லவா? சொன்னால் சொன்னதுதான் போலிருக்கிறது. இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

என்ன சொன்னீர்கள்? இறங்குவதா? வேண்டாம், வேண்டாம். நான் சேலம் வரைக்கும் டிக்கெட் எடுத்தவன்.

மறுபடியும் சொல்கிறீர்கள். பாருங்கள், உங்களுக்கு முறை தெரிந்திருக்கிறது. நான்தான் முதலில் தப்பாக நினைத்துவிட்டேன். எந்த ஊர் நீங்கள்? அப்புறம் சொல்லுங்கள். இல்லை சார், நான் இறங்குவதாக இல்லை. அவர்களே போகட்டும்.

கண்டக்டர், ஒரு நிமிஷம்! விசில் ஊதாதீர்கள்!

இரண்டு தடவை ஆகிவிட்டது, சார். பையை எடுத்துக்கொண்டேன், எழுந்தும் நின்றுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவைதான். சீக்கிரம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அவளுக்குக் கேட்க வேண்டும்.